யாருடைய சங்கம்?

தாம்பரத்திலும் அதனைச் சூழ்ந்துள்ள சேலையூர், பெருங்களத்தூர், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளிலும் வாழும் நம் குடும்பங்களில் பலருடைய கைப்பேசிக்கு அண்மைக் காலத்தில் ஒருவகை அழைப்பு வந்திருக்கக் கூடும். கடைக்குச் சென்று பொருள் வாங்குபவரைப் போல் நடந்துகொண்டு, அங்கே கண்டதையும் கேட்டதையும் எழுதி அனுப்பினால் ஊதியம் தரப்படும்; இல்லத்தரசிகள், கல்லூரி மாணவர்கள், ஓய்வு பெற்றோர் எவரும் இதில் ஈடுபடலாம் என்று அது கூறும். இப்படியும் ஒரு தொழில் உண்டா, இது வெறும் ஏமாற்று வேலைதானே என்று ஐயுறுவோர் பலர். தொழிலும் உண்டு, ஏமாற்றும் உண்டு. இரண்டையும் பிரித்தறிய வேண்டிய தேவை நமக்கு இருக்கிறது. ஆயினும் இக்கட்டுரையில் நாம் முதன்மையாக எடுத்துக்கொள்வது வேறொன்று. முறையாக நடைபெறும் அத்தொழிலில் நேர்மையாக உழைப்பவர்களிடையே நெடுநாளாக ஒரு மனக்குறை இருந்து வருகிறது. தங்கள் தொழிலின் பெயரைத் தாங்கி நிற்கும் சங்கம் தங்களுடையது அன்று என்பதே அக்குறை.

மன்னரும் மர்ம வாடிக்கையாளரும்

மன்னர்கள் மாறுவேடம் பூண்டு இரவில் நகர்வலம் வந்த கதைகளைப் பாட்டியின் மடியில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். குடிமக்கள் தன்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள், காவலர் விழித்திருக்கிறார்களா, வணிகர் சரியாக அளக்கிறார்களா என்று மன்னர் தாமே நேரில் அறிந்துகொண்டார். இன்று நூற்றுக்கணக்கான கிளைகளைக் கொண்ட வணிக நிறுவனத்தின் தலைவர் அவ்வாறு ஒவ்வொரு கிளைக்கும் செல்ல இயலாது. சென்றாலும் ஊழியர்கள் அவரை அடையாளம் கண்டுகொள்வார்கள். ஆகவே யாரும் அறியாத ஒருவரைக் கூலிக்கு அமர்த்தி அனுப்புகிறார்கள். ஆங்கிலத்தில் இவரை ‘மிஸ்டரி ஷாப்பர்’ என்பர். தமிழில் ‘மர்ம வாடிக்கையாளர்’ என்று வழங்குகிறோம். அமெரிக்க நாட்டில் 1940-களில், கடை ஊழியர் பணத்தைக் கையாடுகிறாரா என்று கண்டறியும் துப்பறியும் வேலையாக வளர்ந்த இவ்வழக்கம், பின்னர் உபசரிப்பும் தூய்மையும் எப்படி என்று மதிப்பிடும் தனித் தொழிலாக விரிந்தது.

வேலை எளிது என்று எண்ணிவிடக் கூடாது. ஜி.எஸ்.டி. சாலையில் உள்ள ஒரு பெட்ரோல் பங்கை எடுத்துக்கொள்வோம். மர்ம வாடிக்கையாளராகச் செல்பவர், எண்ணெய் நிரப்பும் முன் ஊழியர் மானியில் பூச்சியம் இருப்பதைக் காட்டினாரா, ரசீது கேளாமலே தந்தாரா, காற்று நிரப்பும் கருவி இயங்குகிறதா, கழிவறை தூய்மையாக உள்ளதா என்பனவற்றையெல்லாம் கவனிக்க வேண்டும். துணிக்கடையாயின், உள்ளே நுழைந்து எத்தனை நிமிடத்தில் வரவேற்றார்கள், மார்பில் குத்தியிருந்த பெயர்ப் பட்டையில் என்ன பெயர் இருந்தது, கேட்ட நிறம் இல்லாதபோது மாற்று எடுத்துக் காட்டினார்களா, பணம் செலுத்துமிடத்தில் எவ்வளவு நேரம் நிற்க நேர்ந்தது என்று பார்க்க வேண்டும். கையில் குறிப்பேடு எடுத்தால் வேடம் கலைந்துவிடும். அனைத்தையும் நினைவில் தாங்கி வந்து, அன்றிரவோ மறுநாளோ, பல பத்துக் கேள்விகளுக்கு விடையெழுதி, ரசீதின் படத்தையும் இணைத்து அனுப்ப வேண்டும். ஒரு விடைக்கும் இன்னொரு விடைக்கும் முரண் தோன்றினால் அறிக்கை திரும்பி வரும்.

இம்முறையால் விளையும் நன்மையையும் மறுப்பதற்கில்லை. நம் நாட்டில் ஆயுள் காப்பீட்டு முகவர்கள் எளிய மக்களுக்கு எத்தகைய அறிவுரை கூறுகிறார்கள் என்று அறிய ஆய்வாளர்கள் சிலர் வாடிக்கையாளர் போல் நடிப்பவர்களை அனுப்பினர். 2017-இல் வெளிவந்த அவ்வாய்வு, வாடிக்கையாளருக்கு உகந்த திட்டத்தை விடுத்துத் தமக்கு மிகுந்த தரகு தரும் திட்டத்தையே முகவர்கள் பெரிதும் பரிந்துரைத்ததைக் காட்டிற்று. தில்லியிலும் மத்தியப் பிரதேசச் சிற்றூர்களிலும், நோயாளி போல் பயிற்சி பெற்றவர்களை மருத்துவர்களிடம் அனுப்பிப் பார்த்த ஓர் ஆய்வு 2012-இல் வெளிவந்தது. மருத்துவர் என்று பெயர்ப் பலகை மாட்டியிருந்தோருள் பலர் நோயாளியிடம் கேட்க வேண்டிய அடிப்படைக் கேள்விகளைக்கூடக் கேட்கவில்லை என்பது அதனால் வெளிப்பட்டது. நேரில் சென்று ‘நீங்கள் எப்படி?’ என்று கேட்டால் எவரும் உண்மை சொல்லமாட்டார்கள் அல்லவா?

ஒரு நாள் கணக்கு

இனி ஊதியத்தைப் பார்ப்போம். இராஜகீழ்ப்பாக்கத்தில் வாழும் ஒரு குடும்பத் தலைவியை மனத்தில் எண்ணிக்கொள்வோம். குரோம்பேட்டையில் ஒரு துணிக்கடையைப் பார்த்து எழுத அவருக்கு 300 ரூபாய் பேசப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். பங்கு ஆட்டோவில் தாம்பரம் நிலையம், அங்கிருந்து மின்தொடர்வண்டியில் குரோம்பேட்டை, பிறகு அதே வழியில் திரும்புதல்: போக்குவரத்துக்கு 2 மணி நேரமும் 50 ரூபாயும் ஆகின்றன. கடையில் 1 மணி நேரம். வீடு திரும்பிப் பிள்ளைகளுக்கு உணவு பரிமாறிவிட்டு அறிக்கை எழுத 2 மணி நேரம். ஆக 5 மணி நேர உழைப்புக்குக் கையில் நிற்பது 250 ரூபாய். மணிக்கு 50 ரூபாய். (2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் மகளிருக்குக் கட்டணம் இல்லை என்பது உண்மையே. ஆனால் பேருந்துக்காகக் காத்திருக்கும் நேரத்தையும் இக்கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கும்.)

கணக்கு இதோடு முடிவதில்லை. கடையில் வாங்கிய பொருளுக்கு அவர் தம் பணத்தையே முதலில் செலவிட்டிருப்பார். அதுவும் ஊதியமும் வந்து சேர வாரங்கள், சில வேளைகளில் மாதங்கள் ஆகும். ஊழியரின் பெயரைத் தவறாக எழுதினார், ரசீதில் நேரம் தெளிவாக இல்லை என்னும் காரணங்களால் அறிக்கை தள்ளப்பட்டால் ஊதியமே இல்லை. தள்ளியது சரிதானா என்று யாரிடம் முறையிடுவது? துணிக்கடை அவரை அறியாது. துணிக்கடைக்காரர் ஒரு பெரிய நிறுவனத்திடம் பணியை ஒப்படைத்திருப்பார். அது மும்பையிலோ தில்லியிலோ உள்ள மற்றொரு நிறுவனத்திடம் கைமாற்றியிருக்கும். அங்கிருந்து, தொலைபேசியில் மட்டுமே பேசும் ஓர் ஒருங்கிணைப்பாளர் வழியாக நம் இராஜகீழ்ப்பாக்கத்து அம்மையாருக்கு வேலை வந்திருக்கும். ஒவ்வொரு படியிலும் ஒரு பங்கு கழிந்த பிறகே 300 ரூபாய் அவரை வந்தடைகிறது. மேலும் அவர் ஊழியர் அல்லர். ‘சுயேச்சை ஒப்பந்ததாரர்’ என்று ஒப்பந்தம் கூறுகிறது. விடுப்பு, சேமநிதி, காப்பீடு என்னும் பேச்சுக்கே இடமில்லை.

1998-இல் பிறந்த சங்கம்

இத்தகைய குறைகள் தாம்பரத்துக்கு மட்டும் உரியவை அல்ல. இத்தொழில் பெருகிய அமெரிக்காவில் இவை முதலில் எழுந்தன. சங்கத்தைப் பற்றிய மனக்குறையும் அங்கேதான் தொடங்கியது. அங்கு 1998-இல் ‘மிஸ்டரி ஷாப்பிங் புரொவைடர்ஸ் அசோசியேஷன்’ என்ற அமைப்பு நிறுவப்பட்டது. சுருக்கமாக எம்.எஸ்.பி.ஏ. என்பர். பின்னர் ஐரோப்பாவுக்கும் ஆசிய-பசிபிக் பகுதிக்கும் அதன் பிரிவுகள் தோன்றின. ‘புரொவைடர்ஸ்’ என்ற சொல்லை வாசகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். வாடிக்கையாளராகக் கடைக்குச் செல்பவரை அச்சொல் குறிக்கவில்லை. அவரை அனுப்பும் நிறுவனங்களையே குறித்தது. அதாவது இது வேலை வாங்குவோரின் கூட்டமைப்பு. பிற்காலத்தில் அச்சொல்லை நீக்கி, ‘புரொபஷனல்ஸ்’ என்று, தொழில் வல்லுநர்கள் என்னும் பொருள்பட, பெயர் மாற்றிக்கொண்டார்கள். பெயர்ச் சுருக்கம் அப்படியே இருந்தது. பெயரின் பொருள் மட்டும் விரிந்தது. கடைகடையாக ஏறி இறங்கும் பெண் ஒருவர் இப்புதிய பெயரைப் படித்தால், இது தம்முடைய சங்கம் என்றே நினைப்பார். நினைப்பதில் தவறும் இல்லை.

மனக்குறை தொடங்குவது அந்நினைப்பு பொய்க்கும் இடத்தில்தான். ஊதியம் பல ஆண்டுகளாக உயரவில்லை என்று சங்கத்திடம் எழுதினால், ஊதியம் நிறுவனத்துக்கும் ஒப்பந்ததாரருக்கும் இடைப்பட்ட விஷயம் என்பதே விடை. ஒரு நிறுவனம் பணம் தரவில்லை என்று முறையிட்டால், அது உறுப்பு நிறுவனமா என்று முதலில் பார்க்க வேண்டும். உறுப்பு நிறுவனமன்று எனில் சங்கத்தால் செய்யக்கூடியது எதுவுமில்லை. உறுப்பு நிறுவனமேயானாலும், சந்தா செலுத்துபவரைச் சந்தா வாங்குபவர் எவ்வளவு கடுமையாகக் கண்டிப்பார் என்ற ஐயம் முறையிடுபவருக்கு எழாமல் இராது. சங்கம் வகுத்த நன்னடத்தை நெறிகளோ இவரையும் கட்டுப்படுத்துகின்றன: ஏற்ற வேலையைக் கைவிடக் கூடாது, நடந்ததை மறைக்கக் கூடாது, இரகசியத்தை வெளியிடக் கூடாது. நெறிகளில் குறை காண நாம் விரும்பவில்லை. அவை நல்ல நெறிகளே. கடமையைச் சொல்லும்போது இவரையும் உள்ளே சேர்த்துக்கொண்டு, உரிமையைப் பேசும்போது வெளியே நிறுத்துகிறார்களே என்பதுதான் அவர்களின் வருத்தம்.

சான்றிதழ் பற்றிய வருத்தமும் உண்டு. வெள்ளி, தங்கம் என இருவகைத் தகுதிச் சான்றிதழ்களைச் சங்கம் அமைத்தது. பயிற்சி பெற்றுத் தேர்வெழுதித் தேறுவோருக்கு அவை வழங்கப்படும். அதற்குக் கட்டணம் உண்டு. இதே வேளையில் அமெரிக்க அரசின் மத்திய வர்த்தக ஆணையம், மர்ம வாடிக்கையாளராவதற்கு எவருக்கும் பணம் கட்டத் தேவையில்லை, முறையான வேலைகளின் பட்டியல் இலவசமாகவே கிடைக்கும், சான்றிதழ் விற்போரிடம் எச்சரிக்கையாக இருங்கள் என்று மக்களுக்கு அறிவுறுத்தி வந்துள்ளது. ஆணையத்தின் எச்சரிக்கை மோசடிக்காரர்களைக் குறித்தது; சங்கத்தைக் குறித்தது அன்று. உண்மையில் அதே ஆணையம் வேலை தேடுவோரைச் சங்கத்தின் இணையதளத்தைப் பார்க்கும்படியும் கூறியிருக்கிறது. எனினும், பணம் கட்டாதே என்று ஒரு பக்கமும், சான்றிதழுக்குப் பணம் கட்டு என்று மறுபக்கமும் கேட்கும் எளியவர் குழம்புவது இயல்பே. சங்கத்தின் பெயரையும் சின்னத்தையும் திருடிப் போலிக் காசோலை அனுப்பும் கூட்டங்கள் வேறு கிளம்பின. சங்கம் இதைக் கண்டித்து அறிவிப்புகள் வெளியிட்டது. ஏமாந்தவர்களுக்கோ அறிவிப்பால் பணம் திரும்பி வருவதில்லை.

சங்கத்தின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது என்பதை நாம் மறைக்கக் கூடாது. நிறுவனங்கள் ஒன்றுகூடி, இவ்வேலைக்கு இவ்வளவுதான் ஊதியம் என்று முடிவு செய்தால், வணிகப் போட்டிச் சட்டங்களின்படி அது குற்றமாகிவிடும். ஆகவே ஊதியத்தைப் பற்றிச் சங்கக் கூட்டத்தில் பேசுவதையே தவிர்க்கிறார்கள். விந்தை என்னவெனில், அதே சட்டம் மறுபக்கமும் வெட்டுகிறது. சுயேச்சை ஒப்பந்ததாரர்கள் ஒன்றுகூடி, இவ்வளவுக்குக் குறைந்து வேலை செய்யமாட்டோம் என்று உடன்பாடு செய்துகொண்டால், அமெரிக்காவில் அதுவும் விலைக்கூட்டு என்று கருதப்படும் ஆபத்து உண்டு. தொழிலாளர் என்று பெயர் இருந்தால் கூடிப் பேரம் பேசும் உரிமை உண்டு. ஒப்பந்ததாரர் என்று பெயர் மாறியவுடன் அவ்வுரிமை ஐயத்துக்குள்ளாகிறது. ஆகவே ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் இருக்கும் அந்த ஒரு சொல்லின் விலை, நாம் மேலே போட்ட 300 ரூபாய்க் கணக்கைக் காட்டிலும் பெரிது.

ஒற்றரை ஒற்றர் அறியாமை

அப்படியானால் தங்களுக்கென்று ஒரு சங்கத்தை இவர்கள் அமைத்துக்கொள்ளலாகாதா என்று வாசகர்கள் கேட்கலாம். மேலைநாடுகளில் முயன்று பார்த்தவர்கள் உண்டு. மாநாடு கூடியவர்களும் உண்டு. ஆனால் இத்தொழிலின் இயல்பே அதற்குத் தடையாக நிற்கிறது. திருக்குறளில் ‘ஒற்றாடல்’ என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. அரசன் ஒற்றரை எவ்வாறு ஆள வேண்டும் என்று அங்கே வள்ளுவர் விரித்துரைக்கிறார். ஓர் ஒற்றரை இன்னோர் ஒற்றர் அறியாதபடி வைத்திருக்க வேண்டும். ஒருவர் கொண்டுவந்த செய்தியை மற்றவர் செய்தியோடு ஒப்பிட்டுத் தெளிய வேண்டும். ஒற்றருக்குச் செய்யும் சிறப்பைப் பிறர் அறியச் செய்யக் கூடாது என்பன அவர் கூறும் நெறிகளுள் சில. ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையதாகப் போற்றப்படும் அந்நூல் கூறும் இம்மூன்றும் இன்றைய மர்ம வாடிக்கையாளரின் வாழ்வில் அப்படியே நிறைவேறுகின்றன. அரசனுக்கு அவை நன்மையே. ஒற்றரின் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் அவற்றின் சுமை தெரியும்: தம்மைப் போன்ற இன்னொருவர் அடுத்த தெருவிலேயே இருந்தாலும் இவர் அறியமாட்டார்; தாம் செய்த நல்ல வேலையை எவரிடமும் சொல்லி மகிழவும் முடியாது.

உணவுப் பொட்டலங்களைச் சுமந்து இருசக்கர வண்டியில் விரையும் இளைஞர்களோடு இவர்களை ஒப்பிட்டுப் பாருங்கள். அவர்களும் ஒப்பந்ததாரர் என்றே அழைக்கப்படுகிறார்கள். ஆனால் அவர்கள் ஒரே நிறச் சட்டை அணிந்திருக்கிறார்கள், ஒரே உணவகத்தின் வாயிலில் காத்து நிற்கிறார்கள், நிற்கும்போது பேசிக்கொள்கிறார்கள். அதனால்தான் 2020 ஆகஸ்டில் சென்னையில் ஊதியக் குறைப்பை எதிர்த்து அவர்களால் வேலைநிறுத்தம் செய்ய முடிந்தது. 2023 டிசம்பரில் தமிழ்நாடு அரசு இணையவழித் தொழிலாளர்களுக்கென நலவாரியம் ஒன்றை அமைத்தபோது, எவருக்காக அமைக்கிறோம் என்பது அரசின் கண்ணுக்குத் தெரிந்தது. சாலையில் பார்த்தாலே தெரியுமே. மர்ம வாடிக்கையாளருக்குச் சட்டை நிறம் இல்லை. காத்திருக்கும் வாயிலும் இல்லை. அடையாளம் தெரியாமல் இருப்பதே அவருடைய தகுதி.

சென்னைக்கு இவ்விஷயத்தில் ஒரு பழைய பெருமை உண்டு. 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைத் தொழிலாளர்களுக்கென ‘சென்னைத் தொழிலாளர் சங்கம்’ தொடங்கப்பட்டது. முறையாக அமைந்த தொழிற்சங்கங்களில் இந்தியாவிலேயே இதுவே முதலாவது என்பர். செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் முன்முயற்சி எடுக்க, பி.பி.வாடியா தலைவரானார், திரு.வி.க. உடன் நின்றார். ஆலை நிர்வாகம் 1920-இல் வாடியா முதலியோர்மீது சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துத் தடையாணை பெற்றது. தொழிலாளரை ஒப்பந்தம் மீறத் தூண்டினார்கள் என்பது குற்றச்சாட்டு. சங்கம் அமைப்பதே சட்டத்தின் முன் குற்றமாகலாம் என்ற அந்நிலைதான், என்.எம்.ஜோஷி போன்றோரின் முயற்சியால், 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் பிறக்க வழிகோலியது. ஏழு பேர் சேர்ந்து பதிவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று அச்சட்டம் கூறிற்று. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் அவ்வேழு பேர் விதி நிலைத்திருக்கிறது. அதே நாளில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, வழக்கமான முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே வேலை செய்து ஈட்டுவோரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது.

பெரம்பூர் ஆலைத் தொழிலாளர் மாலையில் ஒரே வாயில் வழியாக வெளிவந்தார்கள். அடுத்தடுத்த தெருக்களில் குடியிருந்தார்கள். நம் காலத்து மர்ம வாடிக்கையாளர் எழுவரை ஓரிடத்தில் கூட்டுவது எப்படி? அவ்வெழுவரின் பட்டியலை வைத்திருப்பவர் அவர்களை அனுப்பும் நிறுவனத்தார் மட்டுமே.

இவ்விடத்தில் நம் வாசகர்களுக்கு 1891-ஆம் ஆண்டு நினைவுக்கு வரலாம். திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் ‘ரேரும் நோவாரும்’ என்னும் சுற்றுமடலில், தொழிலாளர் மட்டும் கூடும் சங்கங்கள், தொழிலாளரும் முதலாளிகளும் சேர்ந்து கூடும் சங்கங்கள் என இருவகையையும் குறிப்பிட்டு வரவேற்றார். நாம் மேலே கண்ட அமைப்பு இவ்விரண்டில் எதிலும் அடங்காமல், முதலாளிகளின் சங்கமாகத் தோன்றி, இரண்டாம் வகையின் பெயரைச் சூடிக்கொண்டதே இவ்வளவு குழப்பத்துக்கும் காரணம் என்பது நம் கருத்து. முதலாளிகள் சங்கம் அமைப்பது குற்றமன்று. சங்கத்தின் பெயர்ப் பலகையில் அதைத் தெளிவாக எழுதிவிட்டால், எளியவர் வேறு கதவைத் தட்டிப் பார்த்திருப்பார்.

கடைப் பெண்ணின் நிலை

இச்சச்சரவில் வாய் திறவாத மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார். மதிப்பெண் இடப்படும் கடைப் பெண்தான் அவர். நம் பங்குகளிலிருந்தே எத்தனையோ இளம்பெண்கள் குரோம்பேட்டைத் துணிக்கடைகளுக்கும் வேளச்சேரி வணிக வளாகத்துக்கும் வேலைக்குப் போகிறார்கள். காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே பணியாற்றிய அவர்களுக்கு அமர இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021-இல் கடைகள் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது என்பதை நாம் மறந்துவிட முடியாது. அப்பெண் ஒரு நொடி அமர்ந்திருந்த நேரம் பார்த்து மர்ம வாடிக்கையாளர் நுழைந்தால் என்ன ஆகும்? ‘ஊழியர் எழுந்து நின்று வரவேற்றாரா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுத வேண்டியதுதான். அவருடைய ஊக்கத்தொகை அந்த ஒரு சொல்லைப் பொறுத்து அமையலாம்.

எழுதுபவருக்கு நல்ல ஊதியம் கிடைக்குமானால் அவர் அரைமணி நேரம் கூடுதலாக நின்று, அப்பெண் அடுத்த வாடிக்கையாளரை எப்படி நடத்துகிறார் என்றும் பார்த்து எழுதுவார். மணிக்கு 50 ரூபாய் என்றால், ஒரே நாளில் நான்கு கடைகளை முடித்தாக வேண்டும் என்ற அவசரத்தில் கட்டங்களை நிரப்பிவிட்டுப் போவார். குறைந்த கூலி வாங்கும் ஒருவர், குறைந்த கூலி வாங்கும் இன்னொருவரின் கூலியை அவசரத்தில் தீர்மானிக்கும் நிலை அது. கடை முதலாளிக்குக் கிடைக்கும் அறிக்கையும் அத்தரத்திலேயே இருக்கும். நிறுவனங்களின் சங்கம் தன் உறுப்பினரின் நலனுக்காகவேனும் இதைக் கவனித்திருக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது.

நம் குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை

முதலாவது ஏமாற்று. உணவகங்களுக்கு நட்சத்திர மதிப்பெண் இடுங்கள், கடைகளை மதிப்பிடுங்கள் என்று வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் தொடங்கி, முதலில் நூறோ இருநூறோ அனுப்பி நம்ப வைத்து, பின்னர் ‘முன்பணம் கட்டினால் பெரிய வேலை’ என்று ஆயிரங்களையும் இலட்சங்களையும் கறக்கும் கூட்டங்கள் பெருகிவிட்டன. வேலை தருபவர் நம்மிடம் பணம் கேட்டால் அது வேலை அன்று. பணம் பறிபோய்விட்டால் நேரம் கடத்தாமல் 1930 என்ற எண்ணை அழைத்துத் தெரிவிக்க வேண்டும். விரைந்து தெரிவித்தால் பணம் கைமாறுவதற்கு முன் வங்கிக் கணக்கை நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. வெட்கத்தால் வீட்டில் சொல்லாமல் மறைத்துவிடும் பிள்ளைகளைக் கடிந்துகொள்ளாமல் முதலில் அந்த எண்ணை அழைப்பது நலம்.

அடுத்து, உண்மையான வேலையில் பணம் வராமல் நிற்கும் நிலை. வெளிநாட்டுச் சங்கத்துக்கு எழுதிக் காத்திருப்பதைவிட நம் நாட்டுச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. இதனைப் பலர் அறிந்திருக்கவில்லை. ஒப்பந்ததாரர் என்றே அவர்கள் நம்மை அழைப்பதால், அச்சொல்லையே நாம் பயன்படுத்திக்கொள்ளலாம். தனியாகச் சேவைத் தொழில் செய்பவர் ஆதார், பான் எண்களைக் கொண்டு மத்திய அரசின் ‘உத்யம்’ தளத்தில் கட்டணமின்றிக் குறுந்தொழிலாகப் பதிவு செய்துகொள்ள முடியும். அவ்வாறு பதிவு செய்தவருக்கு, 2006-ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, வேலையை ஏற்றுக்கொண்ட நிறுவனம் அதிகப்படியாக 45 நாட்களுக்குள் பணம் தந்தாக வேண்டும். தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப் போல் மும்மடங்கு கூட்டுவட்டி சேரும். முறையீட்டை இணையவழியாக அனுப்பலாம். அது மாநில அரசு அமைத்துள்ள வசதியாக்கக் குழுவின் விசாரணைக்குச் செல்லும்.

ஒற்றை 300 ரூபாய்க்காக எவரும் அவ்வளவு தூரம் போகமாட்டார்கள் என்பது நிறுவனங்களுக்கும் தெரியும். ஓராண்டில் இருபது அறிக்கைகளின் பணம் நின்றுபோன ஒருவர் போகலாம். அவருக்கு மூன்று செய்திகள்: வேலையை ஏற்பதற்கு முன்பே பதிவை முடித்திருக்க வேண்டும், ஏனெனில் பிறகு செய்யும் பதிவு பழைய பாக்கிக்குப் பயன்படுமா என்பதில் வழக்கு எழுகிறது, பணம் தர வேண்டியது இந்தியாவில் உள்ள நிறுவனமா என்று ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும், ஒவ்வொரு வேலைக்கும் ஒரு விலைப்பட்டியல் எழுதி மின்னஞ்சலில் அனுப்பி, அறிக்கை ஏற்கப்பட்டது என்ற பதில் வந்தவுடன் அதை அச்செடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் மட்டும் அது இருந்தால் போதாது. கணக்கு முடக்கப்பட்ட மறுநாள் அப்பக்கம் நமக்குத் திறக்காது.